பொருளும் நிலைத்த இன்பமும்

சிவமயம்

மக்கட்பிறப்பெடுத்த யாவரும் விழைவன இரண்டு. ஒன்று பொருள், மற்றொன்று கெடாத இன்பம். முன்னதைத் தேடுதற்கு உழவர் ஏர் பிடிக்கின்றனர். வணிகர் கடல் கடக்கின்றனர். கற்றோர் அலுவலிடங்களில் நாள் கழிக்கின்றனர். பின்னதைத் தேடுதற்கு இவரனைவரும் திருக்கோயில் வாயிலில் வந்து நிற்கின்றனர். இவ்விரண்டும் தம்முள் இயைபுடையனவோ, அன்றி ஒன்றையொன்று ஒழிப்பனவோ என்னும் ஐயம் நம்மவர் பலரிடத்தும் உளது. அதனைச் சித்தாந்த நூல்வழியானும், திருத்தொண்டர் வரலாற்று வழியானும் ஈண்டுச் சிறிது ஆராய்வாம்.

இவ்வையம் பற்றி இருவேறு கொள்கைகள் நம்மிடையே உலவுகின்றன. ஒருசாரார், "செல்வம் முன்னை நல்வினையின் பயன்; ஆகலின் செல்வமுடையார் திருவருள் பெற்றோர்; வறியோர் அது பெறாதோர்" என்பர். மற்றொருசாரார், "செல்வம் மாயையின் காரியம், மாயை மும்மலங்களுள் ஒன்று, ஆகலின் பொருளீட்டுதல் சைவ நன்மக்கட்கு இழுக்கு" என்பர். முன்னையோர் கூற்றை மேற்கொள்ளின் உலகில் ஈகை அழியும். பின்னையோர் கூற்றை மேற்கொள்ளின் முயற்சி அழியும். அஃதழியவே ஈதற்குரிய பொருளும் இல்லையாகும். மாறுபட்டனபோலத் தோன்றும் இவ்விரண்டும் பிறந்தது ஒரே பிழையினின்றாம். அஃதாவது, நன்மை தீமைகள் பொருளின்கண்ணே கிடப்பன எனக் கருதுதல்.

யாம் கொள்ளும் துணிபு இது: பொருள் தானே உயிரைக் கட்டுவதுமன்று, தானே விடுவிப்பதுமன்று. அதன்கண் உயிர் வைக்கும் 'எனது' என்னும் பற்றே கட்டுவது. அப்பற்றும், அதற்கு வேராகிய 'யான்' என்னும் செருக்கும் இறைவன்பால் ஒப்புவிக்கப்படுமாயின், அப்பொருளே தொண்டிற்குக் கருவியாய், நிலைத்த இன்பத்திற்குச் செல்லும் நெறியில் துணையாம். இதனை முறையே நிறுவுதும்.

பொருளின் இயல்பு

பதி, பசு, பாசம் என்னும் முப்பொருளும் என்றுமுள்ளன என்பது சித்தாந்தத்தின் அடிப்படை. பாசம் ஆணவம், கன்மம், மாயை என மூவகைப்படும். மாயையினின்றும் உயிர்கட்குத் தனு, கரணம், புவனம், போகம் என்னும் நான்கும் தோன்றுகின்றன. நெல், பொன், மனை, நிலம், இக்காலத்து வழங்கும் தாட்பணம், வங்கியிருப்பு ஆகிய யாவும் இந்நான்கனுள் போகம் என்பதன்பாற் படுவன.

மாயை மலமாயின் அதன் காரியம் தீங்குடைத்தன்றோ எனின், அற்றன்று. மலம் என்னும் பெயரால் ஒருங்கு எண்ணப்படினும், ஆணவத்தின் தொழில் வேறு, மாயையின் தொழில் வேறு. ஆணவம் உயிரின் அறிவு இச்சை செயல்களை அடியோடு மறைப்பது. மாயையோ அம்மறைப்பினைச் சிறிதளவு நீக்கி, உயிர்க்கு அறிவு விளங்கச் செய்வது. உமாபதி சிவாசாரியர் தம் திருவருட்பயனில் மாயையை இரவில் உதவும் விளக்கோடு ஒப்பிட்டது இதுபற்றியேயாம். விளக்கு ஞாயிறன்று, எனினும் ஞாயிறு எழுங்காறும் அதனை அணைத்து இருளில் தடுமாறுதல் அறிவுடைமையாகாது. அவ்வாறே ஞாயிறு எழுந்தபின்னும் விளக்கினையே தொழுது நிற்றல் அறிவுடைமையாகாது. பொருளை வெறுப்போர் முன்னைத் தவற்றினையும், பொருளே கதியென்போர் பின்னைத் தவற்றினையும் செய்வோராவர்.

பிறிதொன்றும் ஈண்டுக் கருதற்பாலது. உலகம் வெறுந்தோற்றம் என்பது நம் கொள்கையன்று. உள்ளது அழிவதின்று, இல்லது தோன்றுவதின்று என்னும் சற்காரியவாதம் பற்றி, உலகம் உள்பொருளின் காரியமே என்பர் நம் ஆசிரியர். ஆகவே பொருளால் வரும் இன்பத்தைப் பொய்யென யாம் கூறுதல் பொருந்தாது. பசித்தவன் சோறு பெற்றவழிக் கொள்ளும் இன்பம் மெய்யே. மகளுக்கு மணமுடித்த தந்தை நெஞ்சம் குளிர்வதும் மெய்யே. அவை மெய்யெனினும் சிறியன. வந்து நீங்கும் இயல்பின. இத்துணையே நாம் கூறற்பாலது.

பொருளின்பம் குறைவுபடுமாறு

அவ்வின்பம் சிறிதாதற்குக் காரணம் யாது? வித்தியா தத்துவம் ஏழனுள் அராகம் என ஒன்றுண்டு. உயிரின்கண் இச்சையை எழுப்பி நுகர்ச்சிக்கு உந்துதல் அதன் தொழில். நியதி என்பது பிறிதொரு தத்துவம். அவரவர் செய்த வினைப்பயன் அவரவர்க்கே சென்றுசேர வரையறுத்தல் அதன் தொழில். எனவே அராகம் மேன்மேலும் வேண்டுமெனத் தூண்டிக்கொண்டேயிருப்ப, நியதி இத்துணையே என வரம்பு கட்டுகின்றது. தூண்டுதற்கு அளவில்லை, பெறுதற்கு அளவுண்டு. இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட உயிர், பெற்றதனால் நிறைவுறாது பெறாததனால் வருந்துதல் இயல்பேயன்றோ?

மற்றுமொரு காரணமும் உண்டு. உயிர் தான் சார்ந்ததன் இயல்பினைத் தன்னியல்பாகக் கொள்வது. படிகம் அருகுள்ள பொருளின் நிறத்தைத் தன்னிறமாகக் காட்டுமாறுபோல, இல்லாமையைச் சார்ந்தகாலத்து இல்லாமையாகவும், செல்வத்தைச் சார்ந்தகாலத்துச் செல்வமாகவும் அது தன்னைக் கருதும். புதிதாக வந்த செல்வம் சின்னாளில் தன் புதுமை இழந்து, உயிர்க்கு வாளா இருக்கும் நிலையாகவே ஆய்விடுகின்றது. ஆகவே நேற்று இன்பமாயிருந்தது இன்று இன்றியமையாததாகவும், நாளை அது குறையின் துன்பமாகவும் முடிகின்றது.

மேனாட்டு உளநூலாரும் பொருளியலாரும் இதனைத் தம் முறையில் ஆய்ந்துளர். 1978-ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டுப் பிரிக்குமன் முதலிய மூவர், பரிசுச்சீட்டில் பெருந்தொகை பெற்றார் 22 பேரையும், அது பெறாதார் 22 பேரையும் வினவி ஒப்பிட்டனர். மகிழ்ச்சியளவில் இருதிறத்தார்க்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்பட்டிலது. அதுவேயுமன்றி, நாள்தோறும் நிகழும் சிறுசிறு நிகழ்ச்சிகளில் மகிழும் தன்மை பரிசு பெற்றாரிடத்துக் குறைந்தும் காணப்பட்டது. வருவாய் பெருகுந்தோறும் மகிழ்வும் சிறிது சிறிதாக ஏறும் எனக் காட்டிய ஆய்வும் 2021-ஆம் ஆண்டில் வெளிவந்துளது. இவ்விரண்டும் நம் கொள்கைக்கு மாறாகா. பொருளால் இன்பம் இல்லையென யாம் கூறிற்றிலம். அஃது ஏறினும் ஏறிய இடத்தில் நில்லாது. நின்றவிடத்து நிறைவு தாராது என்பதே நம் கூற்று. எத்துணை அளந்தாலும் அளவுபட்டதாகிய ஒன்று, அளவிறந்த வேட்கையை நிரப்பவல்லதாகாது.

ஊழும் முயற்சியும்

இனி, வினைக்கொள்கை பற்றி எழும் தடையொன்றை ஆராய்வாம். பேறு, இழவு, இன்பம், பிணி, மூப்பு, சாக்காடு என்னும் ஆறும் உயிர் கருவில் அமையும்போதே வரையறுக்கப்பட்டன என்பது சிவஞானசித்தியாரின் கருத்து. அற்றேல், பொருள்பெறுதலும் இழத்தலும் முன்னரே அமைந்தனவாக, முயற்சியால் ஆவதென்னை எனக் கடாவுவர்.

வினை அறிவற்றது. ஆகலின் அது தானே வந்து உயிரைப் பொருந்தமாட்டாது. இறைவனே அதனைக் கூட்டுவிப்பவன். அவன் கூட்டுவிக்குங்கால் கருவியின்றிக் கூட்டுவிப்பதில்லை. விளைவு ஊழில் அமைந்த உழவனுக்கும் அவ்விளைவு ஏர்வழியாகவே வருகின்றது. ஏரைத் தொடாதவன் களத்தில் நெல் தானே வந்து குவிவதில்லை. எனவே முயற்சி ஊழுக்குப் பகையன்று. ஊழ் வந்தெய்தும் வாயில் அதுவேயாம். தனக்கு அமைந்த அளவு இஃதென ஒருவரும் அறியாராகலின், வாயிலை அடைத்துவிட்டு ஊழின்மேற் பழியேற்றுதல் மடிமையன்றிச் சமயவுணர்வாகாது.

இதனினும் நுண்ணிதாக உணரற்பாலது ஒன்றுளது. எய்தும் பொருள் பிராரத்தத்தின் பயன். அதனை எய்துவிக்கும் வழி நாம் இன்று செய்துகொள்ளும் ஆகாமியம். பெறற்பாலதாகிய நூறு பொன்னை ஒருவன் நேர்மையாக உழைத்துப் பெறலாம். பொய்க்கணக்கு எழுதியும் பெறலாம். எவ்வாற்றானும் அவன் பெறுவது நூறே. பொய்க்கணக்கு எழுதியவன் தனக்கு அமைந்ததனினும் ஒருகாசு மிகுதியாகப் பெற்றானல்லன். அமைந்த நூற்றினோடு ஒரு தீவினையைப் புதிதாகச் சேர்த்துக்கொண்டான், அவ்வளவே. வினைக்கொள்கையை உள்ளவாறு உணர்ந்தவன் பிறர்பொருளை வௌவமாட்டான். வௌவுதலால் ஊதியமின்றென்பதனை அவன் கணக்கிட்டே அறிவானாகலின்.

இனி, வறியவர் தம் தீவினையால் வறியராயினர். அவர்க்கு ஈதல் இறைவன் நீதியை மறுப்பதாகாதோ என்பாரும் உளர். இக்கூற்றுச் சைவத்திற்கு முற்றும் மாறானது. என்னை? வறியோன் ஒருவன் இன்று உணவு பெறுதல் அவன் ஊழில் இருப்பின், அவ்வுணவை இறைவன் யார்கையாலேனும் ஊட்டுவிப்பான். அக்கை நம்முடையதாகும் பேற்றினை நாம் மறுத்தவழி, அவனுடைய ஊழ் மாறிற்றில்லை. நம்முடைய ஆகாமியமே மாறிற்று. மேலும், ஒருவனது வறுமை தீவினையின் பயன் என நாம் துணிதற்கு இடமின்று என்பதனைப் பெரியபுராணம் தெளிவுறக் காட்டுகின்றது. அதனை இனிக் காண்பாம்.

தொண்டர் காட்டிய ஐவகை நிலை

பொருளோடு உயிர் நிற்கும் நிலை ஐந்து. பொருள் உடையராதல், உடையராயிருந்து இழத்தல், இலராதல், துறந்தோராதல், வேண்டிப் பெறுதல் என்பன அவை. இவ்வைந்து நிலையிலும் நின்ற அடியார்களைச் சேக்கிழார் நமக்குக் காட்டியருளினார்.

பொருள் உடையராய் நின்றவர் அமர்நீதி நாயனார். பழையாறையில் பொன்னும் மணியும் பட்டும் விற்ற பெருவணிகர் அவர். திருநல்லூரில் மடம் சமைத்து, அடியார்க்கு அமுதும் கோவணமும் அளித்துவந்தார். இறைவன் பிரமசாரி வடிவில் வந்து ஒரு கோவணத்தை அவரிடம் வைத்துச் சென்று, அதனை மறைத்து, அதற்கு ஈடாகத் தம் தண்டிற் கட்டியிருந்த மற்றொரு கோவணத்தின் எடைக்கு எடை தருமாறு வேண்டினார். நாயனார் துலைத்தட்டில் ஆடைகளை வைத்தார், தட்டு ஒத்திலது. பொன்னும் மணியும் ஏனைப் பொருள்கள் யாவும் வைத்தார், அப்பொழுதும் ஒத்திலது. இறுதியில் மனைவியாரோடும் புதல்வரோடும் தாமே தட்டில் ஏறினார். அப்பொழுதே தட்டு நேர்நின்றது. இவ்வரலாற்றின் உட்பொருள் யாது? 'எனது' என்பவற்றை எல்லாம் கொடுத்தும் நிறைவுறாத துலை, 'யான்' என்பதனைக் கொடுத்தவழி நிறைவுற்றது. கொடை எத்துணைப் பெரிதாயினும், கொடுத்தேன் என்பவன் தட்டிற்குப் புறத்தே நிற்குங்காறும் துலை ஒவ்வாது. அறஞ்செய்யும் செல்வர் யாவரும் இதனை நாடோறும் நினைவுகூர்தல் தகும்.

உடையராயிருந்து இழந்தவர் இளையான்குடி மாற நாயனார். உழவினால் பெருஞ்செல்வராகி, அடியார்க்கு அமுதளித்தலையே செல்வத்தின் பயனாகக் கொண்டிருந்தார். அச்செல்வத்தை இறைவனே சிறிது சிறிதாகச் சுருங்கச் செய்தான். நிலம் விற்றும் கடன் கொண்டும் அவர் தொண்டு நடத்தினார். மழையிரவொன்றில் விருந்தாக வந்த அடியார்க்கு அமுதாக்க வேறு வழியின்றி, அன்று பகலில் விதைத்த நெல்லினை வயலிற் சென்று வாரிவந்தார். வீட்டுக் கூரையின் கழிகளை அறுத்து விறகாக்கினார். குழியிலிருந்த இளம்பயிரைப் பறித்துக் கறியாக்கினர். விதைநெல்லை உண்ணலாகாது என்பது உழவர் நெறி. அதனையும் கடந்தது அவர்தம் அன்பு. ஈண்டு நாம் நோக்கற்பாலது, அவர் செல்வராயிருந்தகாலத்து இருந்த மனநிலைக்கும், கூரையை அறுத்தகாலத்து இருந்த மனநிலைக்கும் வேறுபாடு இன்மையாம். அவ்வேறுபாடின்மையை உலகிற்குக் காட்டவே இறைவன் வறுமையைத் தந்தான். ஆகவே ஒருவர் வறுமையை நோக்கி இஃது இவர்தம் தீவினையென உரைக்க நாம் யார்?

பொருள் இலராய் நின்றவர் அதிபத்த நாயனார். நாகையில் நுளையர் குலத்துத் தோன்றி, நாடோறும் வலையிற்படும் மீன்களுள் ஒன்றை இறைவனுக்கென விடுத்துவந்தவர். பன்னாள் ஒருமீனே வலைப்பட்டது. அதனையும் விடுத்துச் சுற்றத்தோடு பசியால் வருந்தினார். பின்னொருநாள் பொன்னும் மணியுமாக ஒளிரும் மீனொன்று பட்டது. தலைமுறைகள் உண்டாலும் குறையாத செல்வம் அது. அன்று பட்டதும் அவ்வொன்றே. அது இறைவனுக்குரியது என அதனையும் கடலில் விடுத்தார். செல்வர் கொடுத்தல் அரிது. பசித்தவர் கொடுத்தல் அதனினும் அரிது. வறியவர் தம் வறுமை முற்றும் நீங்கும் வாய்ப்பினையே கொடுத்தல் யாவற்றினும் அரிது. இல்லாமையே பற்றின்மை ஆகாது. இல்லாதபோது வந்ததன்கண்ணும் பற்றில்லாமையே பற்றின்மை என்பதனை இவ்வரலாறு விளக்குகின்றது.

துறந்து நின்றவர் திருநாவுக்கரசு சுவாமிகள். திருப்புகலூரில் உழவாரப்பணி செய்யுங்கால், பருக்கைக் கற்களோடு பொன்னும் மணிகளும் நிலத்தில் விளங்குமாறு இறைவன் செய்தான். சுவாமிகள் அவற்றைக் கல்லோடு கல்லாகவே கொண்டு உழவாரத்தால் வாரி வாவியில் எறிந்தனர். வெறுத்து எறிந்தார் எனக் கொள்ளற்க. வெறுப்பும் ஒருவகைப் பற்றேயாம். அடியார் காலிற் படாவண்ணம் கல்லை எறிவதுபோலவே பொன்னையும் எறிந்தார். ஓட்டினையும் பொன்னினையும் வேறுபாடின்றி நோக்குதலைத் திருக்கூட்டச் சிறப்பில் அடியார்க்கு இலக்கணமாக வைத்த சேக்கிழார், அவ்விலக்கணத்திற்கு இலக்கியமாக இதனைக் காட்டினார் என்க.

இறைவன்பால் பொருள் வேண்டிப் பெற்றவர் ஆளுடைய பிள்ளையாரும் ஆளுடைய நம்பியும். தந்தையார் வேள்வி செய்தற்கு வேண்டிய பொருளைத் திருவாவடுதுறையில் பாடிப் பிள்ளையார் ஆயிரம் பொன் கொண்ட கிழி பெற்றார். நம்பியாரூரர் பங்குனி உத்திர விழாவிற்குப் பரவையார்க்கு வேண்டிய பொருள்கருதித் திருப்புகலூருக்குச் சென்று, தலைக்கு அணையாக வைத்திருந்த செங்கற்கள் பொன்னாகப் பெற்றார். திருமுதுகுன்றத்தில் 12,000 பொன் பெற்று, மணிமுத்தாற்றில் இட்டுத் திருவாரூர்க் குளத்தில் எடுத்தார். பொருள் வேண்டுதல் இழுக்காயின் இவ்விருவரும் வேண்டியிரார், இறைவனும் அருளியிரான். வேண்டியது வேள்விக்கும் விழாவிற்குமாயின், வேண்டுதலும் தொண்டின்பாற்படும்.

வாசி தீர்ந்த காசு

பொருளின் இயல்பைப் பிறிதெவ்விடத்தினும் சிறப்பாக விளக்குவது திருவீழிமிழலை நிகழ்ச்சியாம். நாட்டில் பஞ்சம் வந்துற்ற காலத்து, இறைவன் பிள்ளையார்க்கும் அரசர்க்கும் நாடோறும் ஒவ்வொரு காசு படியாக அருளினான். இருவரும் அக்காசினால் தத்தம் திருமடங்களில் அடியார்க்கு அமுதளித்து வந்தனர். அரசர் திருமடத்தில் அமுது காலத்தே முடிந்தது. பிள்ளையார் திருமடத்தில் காலந்தாழ்த்தது. காரணம் உசாவியபோது, பிள்ளையார்க்கு அருளிய காசு வாசியுடையது என்பது தெரிந்தது. வாசியாவது, காசினை மாற்றுங்கால் கடையில் கழித்துக்கொள்ளும் வட்டம். அரசர் காசு வாசியற்றது. அரசர் உழவாரங் கொண்டு கைத்தொண்டு செய்பவர். பிள்ளையாரோ இறைவனுக்கு மகன்மை முறையினர். தொண்டு செய்வார் பெறும் ஊதியத்தில் குறைவு வைத்தலாகாது என்பது இறைவன் திருவுள்ளம் போலும். பின்னர்ப் பிள்ளையார் வாசி தீருமாறு வேண்டிப் பாடி, நற்காசு பெற்றார்.

இந்நிகழ்ச்சியில் நாம் கற்பன மூன்று. ஒன்று, இறைவன் தந்த காசும் கடைவீதிக்கே சென்றது; அங்கு உரைத்துப் பார்க்கப்பட்டது; அரிசியும் பருப்புமாக மாறியது. திருவருள் உலகியலை ஒழித்து நிகழ்வதன்று; உலகியலினூடே நிகழ்வது. இரண்டு, கைத்தொண்டோடு கூடிய பொருளே குறைவற்ற பொருள். உழைப்பின்றி வரும் பொருள் இறைவனே தரினும் சிறிது வாசியோடு வருமாயின், பிறவாற்றான் வருவதன் வாசி எத்துணையாகும் என எண்ணிப் பார்க்க. மூன்று, பிள்ளையார் வாசி தீர்க்க வேண்டியது தம்பொருட்டன்று. பசித்த அடியார் காத்திருத்தல் பொறாமையாலாம். தமக்கெனின் குறைவினைப் பொறுத்தலும், பிறர்க்கெனின் குறைவினைப் பொறாமையும் சான்றோர் இயல்பு. நாம் பெரும்பாலும் இதனைத் தலைமாறாகச் செய்கின்றோம். நமக்கு வரும் காசினை உரைத்து உரைத்து வாங்குகின்றோம். இரப்பவர்க்குச் செல்லாக் காசினை இடுகின்றோம்.

இருவினையொப்பும் பேரின்பமும்

மேற்கூறிய ஐவகை நிலையினும் அடியார்பால் பொதுவாகக் காணப்பட்டது யாது? பேற்றில் களியாமையும் இழவில் கலங்காமையுமாம். இதுவே சித்தாந்தத்தில் இருவினையொப்பு எனப்படுவது. நல்வினை தீவினை இரண்டும் தொகையால் ஒத்த அளவினவாதலே இருவினையொப்பு எனக் கருதுவார் உளர். அது பொருந்தாமையைக் காட்டி, இருவகைப் பயன்களிடத்தும் ஒன்றில் விருப்பும் ஒன்றில் வெறுப்புமின்றி உயிரின் அறிவு ஒத்து நிற்றலே அது எனத் தெளிவித்தவர் திருவாவடுதுறைச் சிவஞான முனிவர். இவ்வொப்பு நிகழ்ந்தவழி மலபரிபாகமும், அதன்வழிச் சத்திநிபாதமும் உளவாம். ஆகவே செல்வம் வருதலும் போதலும் உயிர்க்குப் பயிற்சிக்களமாம். துலைக்கோலின் நாவினை நடுவுநிற்கப் பயிற்றுதற்கு இருதட்டும் வேண்டப்படுமாறுபோல, இவ்வொப்பினைப் பயிலுதற்குப் பேறும் இழவும் ஆகிய இரண்டும் வேண்டப்படுவன. பொருளைக் கண்டு அஞ்சி ஓடுவானும், பொருளின்பின் ஓடுவானும் இப்பயிற்சியை இழந்தோராவர்.

நிலைத்த இன்பமாவது சிவானந்தம். அஃது உயிர் தானாக உண்டாக்கிக்கொள்வதன்று; பொருளைக் கொடுத்து வாங்குவதுமன்று. இறைவன் என்றும் உயிரோடு உடனாய் நிற்பவனாகலின், அவ்வின்பம் புதிதாக ஓரிடத்தினின்றும் வருவதுமன்று. 'யான் எனது' என்னும் மறைப்பு நீங்கியவழி, உள்ளது விளங்குகின்றது. திருவருட்பயன் பத்து அதிகாரங்களுள் எட்டாவதாகிய இன்புறுநிலையில், தாள் தலை என்னும் இரு சொற்கள் புணர்ந்து தாடலை என ஒரு சொல்லாய் நிற்றலை இதற்கு உவமையாக வைத்தார் உமாபதி சிவாசாரியர். அப்புணர்ச்சியில் இரண்டு சொல்லும் உள. இரண்டு என எண்ணப்படும் பிரிவு இல்லை. அவ்வின்பம் அளக்கப்படாதது, ஆகலின் குறைவதில்லை. பிறர்க்குப் பகிர்ந்தாலும் அருகுவதில்லை. பொருளின்பம் ஒருவன் மிகுதியாகக் கொள்ளப் பிறனுக்குக் குறைவது. சிவானந்தம் ஒருவன் பெற்றதனால் பிறனுக்குப் பெறும் வழி எளிதாவது. இவ்வேறுபாடு ஒன்றே இரண்டன் பெருமை சிறுமைகளை அறிதற்கு அமையும்.

பொருளைக் கையாளும் நெறி

அங்ஙனமாயின் இல்வாழ்வார் செய்யற்பாலது யாது? திருவள்ளுவர் திருக்குறளின் 133 அதிகாரங்களுள் 70 அதிகாரங்களைப் பொருட்பாலுக்கு வகுத்தார். பொருள் செயல்வகை என்றே ஓரதிகாரமும் அமைத்தார். அவரே நிலையாமையையும், நன்றியில் செல்வத்தின் இழிவினையும் வெவ்வேறு அதிகாரங்களிற் கூறினார். இவை முரணல்ல. அறத்தால் ஈட்டுக, அளவறிந்து காக்க, அடியார்க்கும் வறியார்க்கும் வழங்குக, போயவழிக் கலங்கற்க. நான்கனுள் ஒன்று குறையினும் ஏனை மூன்றும் பயன்படா. ஈட்டாதவன் வழங்கமாட்டான், காவாதவன் தன் கடமையைப் பிறர்மேல் ஏற்றுவான், வழங்காதவன் பிறர்பொருட்கு வாயில்காவலன் ஆவான், கலங்குபவன் வழங்கியதன் பயனையும் இழப்பான்.

அண்மைக் காலத்து இந்நெறியில் நின்றார் ஒருவரை நினைவுகூர்வாம். யாழ்ப்பாணத்து நல்லூர் ஆறுமுக நாவலர் (1822-1879), பெர்சிவல் பாதிரியாரின் பாடசாலையில் ஊதியம் பெற்ற ஆசிரியப்பணியை 1848-ஆம் ஆண்டில் விடுத்து, அவ்வாண்டிலேயே வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். 1864-ஆம் ஆண்டில் சிதம்பரத்தும் அவ்வாறே ஒன்று நிறுவினார். அச்சுக்கூடம் அமைத்து நூல்களைப் பதிப்பித்தார். செல்வரிடம் பொருள் வேண்டினார். இல்லறம் புகாது, பெற்றவற்றைக் கல்விக்கும் சமயத்திற்குமே ஆக்கினார். அவர் பொருளை வெறுத்தவரல்லர். பொருளின்றிப் பள்ளி நடவாது என்பதனை நன்குணர்ந்தவர். தமக்கென ஒன்றும் கருதாமையே அவர் கையிற்பட்ட பொருளை வாசியற்ற காசாக்கியது.

திருமடங்களும் திருக்கோயில் அறநிலையங்களும் இந்நெறிக்குத் தனிக்கடப்பாடு உடையன. அவற்றிலுள்ள நிலமும் பொன்னும் தனியொருவர் 'எனது' என்றற்குரியன அல்ல. தஞ்சை இராசராசேச்சுரம் 1010-ஆம் ஆண்டில் குடமுழுக்குக் கண்டது. அதன் கல்வெட்டுக்களில் ஒரு நந்தாவிளக்கிற்கு 96 ஆடுகள் வைக்கப்பட்டமையும், அவற்றை ஏற்றுக்கொண்ட இடையர் நாள்தோறும் ஓர் உழக்கு நெய் அளந்தமையும் காண்கின்றோம். அவ்வாடுகட்குச் சாவா மூவாப் பேராடு எனக் கல்வெட்டுக்களில் பெயர் வழங்கும். ஆடு சாகாதோ? மூவாதோ? சாகும், மூக்கும். ஆயினும் சாவனவற்றிற்கு ஈடாக ஈனும் குட்டிகள் எண்ணை நிரப்பும், 96 என்னும் தொகை குறைவுறாது, விளக்கும் அணையாது. தனியொருவர் வீட்டுத் தொழுவில் நின்ற ஆடு சாகின்றது. அதுவே இறைவனுக்கென எழுதப்பட்டவழிச் சாவாததாகின்றது. அழியும் பொருளுக்கு அழியாமை வரும் வழி இதுவே என நம் முன்னோர் ஒரு பெயரிலேயே வைத்துச் சென்றனர்.

அவ்விளக்குக்களை வைத்தவர் மறைந்தனர். நெய் அளந்தவரும் மறைந்தனர். இன்று அறநிலையங்களைக் காப்போர் தம்மை அவ்விடையர் நிலையில் வைத்து எண்ணுதல் வேண்டும். ஆடு நம்முடையதன்று, நெய்யும் நம்முடையதன்று, நாள்தோறும் குறைவின்றி அளத்தலே நம்முடையது. குத்தகை வருவாயில் ஒருபிடி நெல் கணக்கிற் படாது போமாயின், எங்கோ ஒரு விளக்கு உழக்கு நெய்யிற் குறைகின்றது எனக் கொள்க. அவ்வாறே மாணாக்கர்க்கு ஓர் உணவும், ஏட்டுக்கு ஒரு பதிப்பும், பசித்த வழிப்போக்கர்க்கு ஒரு கவளமும் குறைகின்றன. அன்றி முதல் குறையாது காத்து, வரும் பயனை உரிய இடத்தில் முழுதும் செலுத்துவோமாயின், அக்காவலே சரியைத் தொண்டாம். கணக்கேட்டின்முன் அமர்ந்திருத்தலும் வழிபாடாம்.

முடிவாகத் தொகுத்துரைப்பாம். பொருள் மாயையின் காரியம். மாயை விடியுமளவும் உதவும் விளக்கு. ஊழால் வருவது முயற்சியின் வாயிலாக வரும். அவ்வாயிலை அறமாக்குதலும் மறமாக்குதலும் நம் கையது. பிறர் வறுமைக்குக் காரணங் காணுதல் நம் தொழிலன்று; அதனைத் தீர்க்கும் கையாதலே நம் தொழில். உடைமை, இழவு, இன்மை, துறவு, வேண்டிப்பெறல் என்னும் எந்நிலையினும் ஒத்துநிற்கும் உள்ளமே சிவானந்தத்திற்குக் கொள்கலம்.

ஆதலின் சைவ நன்மக்களாகிய நாம் ஈட்டுதலில் மடியற்க, வழங்குதலில் கூசற்க. ஒவ்வொருநாளும் உறங்கப்புகுமுன் அமர்நீதியார் ஏறிய துலையை நினைந்து, இன்று தட்டில் பொருளை மட்டும் வைத்தோமோ, நம்மையும் வைத்தோமோ என ஒருமுறை வினவிக்கொள்வோமாக. அவ்வினாவிற்கு நெஞ்சு நாணாது விடைகூறும் நாள் வருமாயின், அந்நாளில் நம் காசு வாசி தீரும். நம் துலை நேர்நிற்கும்.

திருச்சிற்றம்பலம்.